மலையிலிருந்து இறங்குமுன்: இருதய வால்வு ரண சிகிச்சைக்கு ஆயத்தமாதலும் அதன் பின் வாழ்தலும்

ஜவ்வாது மலையில் வாழ்கிறவர்களுக்கு மூச்சு வாங்குதல் என்பது ஒரு நோயின் அடையாளமாகத் தோன்றுவதற்கே நெடுங்காலம் ஆகிவிடுகிறது. புதூர்நாட்டிலும் பீஞ்சமந்தையிலும் கானமலையிலும் தண்ணீருக்கும் விறகுக்கும் கொல்லை வேலைக்கும் ஏறி இறங்காத நாளே கிடையாது என்னும்போது, மேட்டில் ஒருத்தி சற்று நின்று இளைப்பாறினால் அதை யார் விசேஷமாகக் கவனிக்கப் போகிறார்கள்? ஆகையால் இவ்விஷயத்தில் ஒவ்வொருவரும் சென்ற ஆண்டு தாம் இருந்த நிலையோடு இந்த ஆண்டின் நிலையை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். முன்பு ஒரே மூச்சில் ஏறிய மேட்டில் இப்போது இரண்டு இடங்களில் நிற்க நேர்ந்தால், தலைக்கு உயரம் வைக்காமல் படுக்க முடியாமற் போனால், நடுநிசியில் மூச்சு முட்டி விழித்துத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தால், மாலையில் கால் வீங்கினால், அது வயதின் தளர்ச்சி என்றோ ரத்தக் குறைவு என்றோ நாமாகவே தீர்மானித்துவிடலாகாது. சளியில் ரத்தம் கலந்து வந்தால் காசநோய் என்று எண்ணி அதற்கே மாதக்கணக்கில் மருந்து உண்டவர்கள் உண்டு. பின்னர் மார்பில் குழல் வைத்துக் கேட்ட ஒரு டாக்டர் எக்கோ என்னும் இருதயப் பரிசோதனை எடுக்கச் சொன்ன பிறகே, குற்றம் நுரையீரலில் இல்லை, இருதய வால்வில் இருக்கிறது என்பது தெரிய வந்தது.

இருதயத்தினுள் ரத்தம் ஒரே திசையில் செல்லும்படி திறந்து மூடுகிற நான்கு வால்வுகள் இருக்கின்றன. ஒருபுறம் மட்டும் திறக்கும் கதவைப் போன்றவை அவை. நம் நாட்டில் ஏழை எளியோரிடையே இவை கெட்டுப்போவதற்குப் பெருங்காரணம் குழந்தைப் பருவத்துத் தொண்டைப் புண்ணே. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டை புண்ணாகி, தக்க மருந்தின்றித் தானாக ஆறிவிட்ட பின், இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சலும், முழங்கால் கணுக்கால் என்று மாறி மாறி மூட்டு வீக்கமும் தோன்றுகின்றன; கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட தேகத்தின் காவல் சக்தியே வழி தவறி வால்வின் இதழ்களையும் தாக்கிவிடுகிறது. மூட்டு வலி சில வாரங்களில் மறைந்துவிடும். வால்வில் விழுந்த தழும்போ பத்து, இருபது ஆண்டுகளில் தடித்துச் சுருங்கி வழியை அடைத்துவிடும். இடப்பக்கத்து மைட்ரல் வால்வின் துவாரம் இயல்பாக நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அது ஒன்றரைக்கும் கீழே குறுகும்போது நோய் கடுமையாகிவிட்டது என்று கொள்கிறார்கள். முதிர்ந்த வயதில் சுண்ணாம்புச் சத்து படிந்து பெருந்தமனி வால்வு இறுகுவதும் உண்டு. அது வேறு வகை.

இந்த மலைக்குக் கீழே வேலூர் இருப்பதை ஒரு பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிகிச்சைக் கூடம் வளர்ந்து பெருகிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில், 1961-ஆம் ஆண்டிலேயே இருதயத்தைத் திறந்து செய்யும் ரண சிகிச்சை நடந்தது. அதற்கு முன்பிருந்தே, துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தினுள் விரலையோ கருவியையோ செலுத்தி, ஒட்டிப்போன மைட்ரல் வால்வைப் பிளந்து விடும் சிகிச்சை அங்கே ஏராளமாகச் செய்யப்பட்டது. அவ்வாறு சிகிச்சை பெற்ற 3,724 பேரின் பலாபலன்களை டாக்டர் ஸ்டான்லி ஜானும் அவருடைய சகாக்களும் 1983-இல் வெளியிட்டபோது, உலகத்து இருதய வைத்தியர்கள் அதைக் கவனத்தோடு படித்தார்கள். அந்த நோயாளிகளில் நம்மைப் போன்ற கிராமத்து மனிதர்களும் உண்டு. ஆதலால், மலையிலிருந்து வருகிறவருக்கு இப்படி ஒரு சிகிச்சை தாங்குமா என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

இன்று வால்வைச் சீராக்க மூன்று மார்க்கங்கள் உண்டு. மைட்ரல் வால்வு குறுகியிருந்து, இதழ்கள் இன்னும் வளையக்கூடியவையாக, கசிவு அதிகமின்றி இருந்தால், தொடையின் ரத்தக் குழாய் வழியே பலூன் செலுத்தி விரித்துவிடலாம். ஜப்பானிய டாக்டர் இனோவே 1982-இல் முதன்முதலாகச் செய்து காட்டிய இம்முறையில் மார்பைத் திறக்கும் அவசியமே இல்லை, இரண்டு மூன்று நாட்களில் வீடு திரும்பலாம். பலூனுக்கு இடமில்லை எனில், உள்ள வால்வையே தைத்துச் செப்பனிடுதல் இரண்டாவது. அதுவும் முடியாத இடத்தில் கெட்ட வால்வை நீக்கிவிட்டுப் புதியது பொருத்துதல் மூன்றாவது. "பலூன் போதுமா, ஆபரேஷன் வேண்டுமா?" என்று டாக்டரிடம் தயக்கமின்றிக் கேளுங்கள், அதைக் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மாற்று வால்வே பொருத்த வேண்டும் என்று முடிவானால், எந்த வால்வு என்னும் கேள்வி எழும். இந்த அத்தியாயத்தில் நான் நெடுநேரம் நிற்க விரும்பும் இடம் இதுவே. உலோக வால்வு, திசு வால்வு என்று இருவகை உண்டு. உலோக வால்வு தேயாது. பொருத்தியவரின் ஆயுள் முழுவதும் உழைக்கக் கூடியது. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தானும் அவருடைய குழுவினரும் முதல் மூன்று மாதிரிகள் பயன்படாமற் போனபோதும் மனந்தளராமல் உழைத்து, நான்காவது மாதிரியை 1990 டிசம்பர் 6-ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சித்ரா வால்வு என்று வழங்கும் அது, வெளிநாட்டு வால்வின் விலையில் ஒரு பகுதிக்கே கிடைத்ததால், ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரின் மார்பினுள் சென்று சேர்ந்திருக்கிறது. ஆனால் எந்த உலோக வால்வானாலும் அதன்மேல் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதைத் தடுக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை ஒருநாளும் தவறாமல் ஆயுள் பரியந்தம் உண்ண வேண்டும், அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். மாட்டின் அல்லது பன்றியின் திசுவினால் செய்த வால்வுக்கு, முதல் சில மாதங்களுக்குப் பின் இந்த மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் அது பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நைந்துபோகும், இளவயதினருக்கு இன்னும் விரைவில் நைந்துபோகும், அப்போது மற்றொரு ரண சிகிச்சைக்கு ஆயத்தமாக வேண்டியிருக்கும்.

நகரத்தில் இருப்பவருக்கு வயதை வைத்தே இக்கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். மலையில் இருப்பவருக்கு வயதோடு வழியையும் சேர்த்து எண்ண வேண்டும். உங்கள் ஊரிலிருந்து பஸ் நிற்கும் இடத்திற்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், மழைக்காலத்தில் பாதை அறுபடுமா, ரத்தப் பரிசோதனைக்கு மாதம் ஒருமுறை போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ திருப்பத்தூருக்கோ போய்வர ஒருநாள் கூலியை இழக்க முடியுமா, சீசன் வேலைக்கு வெளியூர் சென்று மாதக்கணக்கில் தங்குகிற குடும்பமா, மாத்திரைச் சீட்டைப் படிக்க வீட்டில் ஒருவர் உண்டா, இனிப் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா ஆகிய இவற்றையெல்லாம் டாக்டராகக் கேட்பார் என்று காத்திராமல் நீங்களே முன்வந்து சொல்ல வேண்டும். மிகத் திறமையாகச் செய்யப்பட்ட சிகிச்சைகள்கூட, மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் வாங்க முடியாமற் போன ஒரே காரணத்தால் பாழாகிவிடுவதுண்டு. ரண சிகிச்சை ஒரு பகற்பொழுதில் முடிந்துவிடும் காரியம். பரிசோதனைக்கும் மாத்திரைக்குமான வழியைக் கீழே இறங்குமுன்பே ஒழுங்கு செய்யாதவருக்கு, எவ்வளவு உயர்ந்த வால்வைப் பொருத்தினாலும் முழுப் பயன் கிட்டாது.

இனி ஆயத்தங்கள். முதலில் காகிதங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வால்வு ரண சிகிச்சையும் இதில் அடக்கம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். நம் மலை மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடப்பதாலும், திருப்பத்தூர் தனி மாவட்டமானது 2019-இல்தான் என்பதாலும், எந்தக் கலெக்டர் அலுவலகம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளாவிட்டால் ஒரு பிரயாணம் வீணாகும். எந்த வைத்தியசாலையைத் தேர்ந்தாலும், அங்குள்ள காப்பீட்டு உதவி மேசையில் அனுமதி பெற்ற பிறகே சேருங்கள். முன்பணம் கட்டிவிட்டுப் பின்னர் திட்டத்தைப் பற்றிக் கேட்டால் பலன் இராது. வேலூர்க் கல்லூரிக்கு இப்போது நகரத்தினுள்ளும் ராணிப்பேட்டைச் சாலையிலுமாக வளாகங்கள் இருப்பதால், வரச் சொன்ன நாளுக்கு எங்கே போக வேண்டும் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னை, திருவனந்தபுரம் போன்ற தூரத்து ஊர்களுக்கு ரயிலில் போகிறவர்கள், இருதய ரண சிகிச்சைக்குச் செல்வதாக டாக்டரின் சான்றைக் காட்டினால் நோயாளிக்கும் துணைவருக்கும் கட்டணச் சலுகை உண்டு.

அடுத்தது பல். இருதயத்திற்கு வைத்தியம் செய்ய வந்த இடத்தில் பல் டாக்டரிடம் அனுப்புகிறார்களே என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். சொத்தைப் பல்லிலும் சீழ் பிடித்த ஈறிலும் குடியிருக்கும் கிருமிகள் ரத்தத்தில் கலந்து புதிய வால்வில் குடியேறினால் உண்டாகும் நோய், வால்வு நோயைவிடக் கொடியது. ஆதலால் பிடுங்க வேண்டிய பல்லை ரண சிகிச்சைக்கு முன்பே பிடுங்கி, புண் ஆறியிருக்க வேண்டும். பீடி, சுருட்டு, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை ஆகியவற்றை முடிவு எடுத்த அன்றே விட்டுவிடுங்கள். புகைத்தவருடைய நுரையீரலில் சளி மிகுந்து, ரண சிகிச்சைக்குப் பின் செயற்கை மூச்சுக் குழாயை எடுக்கத் தாமதமாகும். மூன்று பந்துகள் உள்ள சிறு பிளாஸ்டிக் கருவியை அங்கே தருவார்கள். வாயால் மெதுவாக உறிஞ்சிப் பந்துகளை மேலே நிறுத்தும் அந்தப் பயிற்சியை முன்கூட்டியே பழகிக்கொண்டால், பிற்பாடு வலியோடு கற்க வேண்டியதில்லை.

குடும்பத்திலிருந்து ரத்த தானம் செய்ய ஆட்களை அழைத்து வரச் சொல்வார்கள். ரத்தம் கொடுத்தால் பலம் போய்விடும் என்னும் அச்சம் மலையில் இன்னும் இருக்கிறது. ஆரோக்கியமான ஆண்மகன் ஒரு முறை கொடுத்துவிட்டு மூன்று மாதத்தில் மறுமுறை கொடுக்கலாம் என்பதை ஊர்ப் பெரியவர்கள் முன்னின்று எடுத்துச் சொன்னால் இளைஞர்கள் வருவார்கள். அவசரமில்லாத சிகிச்சையாயின், சாமை அறுவடையோ புளி உலுக்கும் காலமோ முடிந்த பின் நாள் குறித்துக் கேட்பதில் தவறில்லை. ஏனெனில் நோயாளி மூன்று மாதத்திற்கு உழைக்க முடியாது, துணைக்கு நிற்பவரும் முதல் மாதம் முழுவதும் வேறு வேலையில் மனம் செலுத்த முடியாது. ஆனால் மூச்சுத் திணறல் படுக்கையிலேயே வருகிறதெனில் எந்த அறுவடைக்காகவும் தள்ளிப்போடலாகாது.

ரண சிகிச்சைக்கு முதல் நாள் மார்பு ரோமம் நீக்கி, கிருமிநாசினி கலந்த நீரில் குளிக்கச் சொல்வார்கள். நள்ளிரவுக்குப் பின் ஆகாரம் இல்லை. தோடு, மூக்குத்தி, மெட்டி, கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலியையும் கழற்றத்தான் வேண்டும். இந்த இடத்தில் பெண்கள் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். அறியாமை என்று அதை ஒதுக்குவது கொடுமை. மார்பின் நடுவே வெட்டும் இடத்தில் ஒரு நூலும் இருக்கலாகாது, ரத்தத்தை நிறுத்தும் மின்கருவியால் உலோகம் படும் இடத்தில் தோல் சுட்டுவிடக்கூடும் என்ற காரணத்தைச் சொல்லி, கணவர் கையாலேயே கழற்றி வாங்கிப் பத்திரப்படுத்தி, வார்டுக்குத் திரும்பியதும் அவர் கையாலேயே மீண்டும் அணிவிக்கலாம் என்று முன்னதாகவே பேசி வைத்துவிட்டால் அந்தத் துயரம் பாதி குறையும்.

சிகிச்சை மூன்று முதல் ஐந்து மணி நேரம் நடக்கும். மார்பெலும்பை நடுவே பிளந்து, ரத்தத்தை ஒரு யந்திரத்தின் வழியே செலுத்தி, இருதயத்தை நிறுத்தி வைத்து, வால்வை மாற்றித் தைத்து, மீண்டும் துடிக்கச் செய்து, எலும்பைக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். நோயாளிக்கு இதில் எதுவும் தெரியாது. வெளியே காத்திருப்பவருக்கு ஐ.சி.யூ.வில் முதலில் காணும் காட்சியே கடினம்: முகம் வீங்கியிருக்கும், வாயில் மூச்சுக் குழாய், கழுத்திலும் கையிலும் ஊசிகள், மார்பின் கீழிருந்து ரத்தநீர் வடியும் குழாய்கள், தன்னை அறியாமல் குழாயைப் பிடுங்கிவிடாதிருக்க மெல்லிய துணியால் கட்டிய கைகள். "சிஸ்டர், அவர் கண்ணு முழிச்சிப் பார்க்கிறாரே, பேச மாட்டேங்கிறாரே" என்று ஒரு மனைவி பதறும்போது, "குழாய் இருக்கிற வரைக்கும் குரல் வராதும்மா, நீங்க பேசுங்க, அவருக்குக் கேக்கும்" என்று நர்ஸ் சொல்லும் பதிலை, நீங்கள் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேசுங்கள், கையைத் தொடுங்கள், அழுகையை மட்டும் வெளியே வந்து வைத்துக்கொள்ளலாம்.

குழாய் பெரும்பாலும் மறுநாளுக்குள் எடுக்கப்படும். அதன் பின் தாகம் வாட்டும். ஆனால் தண்ணீர் அளந்தே தரப்படும், ஏனெனில் மிகுந்த நீர் இருதயத்திற்குப் பாரம். இருமச் சொல்வார்கள். இருமினால் மார்பு பிளந்துவிடும் என்று அஞ்சி அடக்கிக்கொண்டால் சளி கட்டிக் காய்ச்சல் வரும். ஒரு தலையணையை மார்போடு இறுக அணைத்துக்கொண்டு இருமினால் வலி பொறுக்கும் அளவில் நிற்கும். இரண்டு மூன்று நாளில் வார்டு. ஏழெட்டு நாளில், சிக்கல் ஒன்றும் இல்லாவிடில், வீடு. இதற்கிடையே சிலருக்கு நித்திரை கெட்டு, காரணமின்றி அழுகை வந்து, நேற்று நடந்தது நினைவில்லாமற் போகும். ஆகாரம் நாவில் கசக்கும். இவை வருவது சகஜம், வாரங்களில் விலகும். பேய் பிடித்தது என்றோ புத்தி பேதலித்தது என்றோ வீட்டார் கலங்க வேண்டாம்.

உலோக வால்வு பொருத்தியவர், சந்தடியற்ற மலை இரவில் தம் மார்பினுள் 'டிக், டிக்' என்று ஓர் ஓசையைக் கேட்பார்; பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்குக்கூடக் கேட்கும். அது வால்வு நன்றாகத் திறந்து மூடும் ஓசை. சில நாட்களில் பழகிவிடும், ஆயினும் அதை அடியோடு மறந்துவிடலாகாது. ஓசை மழுங்கினாலோ, கேட்காமலே போனாலோ, வால்வில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே புறப்பட வேண்டும்.

மார்பெலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம், முழு வலிவு பெற மூன்று மாதம். அதுவரை நிறைகுடம் தூக்குதல், விறகு கட்டிச் சுமத்தல், பிள்ளையை இடுப்பில் வைத்தல், ஏர் பிடித்தல், மரம் ஏறுதல், மோட்டார் சைக்கிள் ஓட்டுதல் யாவும் விலக்கு. படுக்கையிலிருந்து கைகளை ஊன்றி எழலாகாது. ஒருக்களித்துத் திரும்பி, கால்களைத் தொங்கவிட்டு, பிறர் முதுகைத் தாங்க எழ வேண்டும். வீடு திரும்பும் பிரயாணத்தில், மலைப்பாதையின் வளைவுகளில் பஸ்ஸின் பின் ஆசனம் உடலைத் தூக்கி எறியும் என்பதால் முன்புறத்தில் இடம் கேட்டு, மார்போடு அந்தத் தலையணையை அணைத்து உட்காருங்கள். முடிந்தால் முதல் இரண்டு வாரம் கீழே உறவினர் வீட்டிலோ, வைத்தியசாலைக்கு அருகிலுள்ள விடுதியிலோ தங்கிவிடுவது உசிதம். மாத்திரையின் அளவு நிலைப்படுவதும் அந்த நாட்களில்தான். பிறகு நடை: முதலில் வாசல், அப்புறம் தெருமுனை, அப்புறம் சமதரை. மேடு ஏறுதல் கடைசி.

ரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ரத்தம் உறையும் வேகத்தை ஐ.என்.ஆர். என்னும் எண்ணால் அளக்கிறார்கள். சாதாரண மனிதருக்கு அது ஒன்று. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்குப் பெரும்பாலும் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையே இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறைந்து பக்கவாதமோ வால்வு அடைப்போ உண்டாகும். மிகுந்தால் ஈறிலும் மூத்திரத்திலும் குடலிலும், ஏன், மூளையிலும் ரத்தம் கசியும். உங்களுக்குக் குறித்த எண் என்ன என்பதை டாக்டரிடம் கேட்டு, வால்வின் பெயர், அளவு, பொருத்திய தேதி ஆகியவை எழுதிய அட்டையோடு ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்து, எந்த வைத்தியரிடம் எதற்காகப் போனாலும், பாம்புக் கடிக்கு என்றாலும், முதலில் அதைக் காட்டுங்கள். மாத்திரையைத் தினமும் ஒரே மாலை நேரத்தில் உண்டு, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் தாளில் ஒரு கோடு இட்டுவிட்டால், உண்டோமா இல்லையா என்ற சந்தேகம் எழாது. மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்தபோது உண்ணலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்து உண்ணலாகாது. கையிருப்பு பதினைந்து நாளுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது, மழையில் சாலை மறிபடும் மலையில் மிகமிக அவசியம். பரிசோதனை ஆரம்பத்தில் வாரந்தோறும், பின்னர் மாதந்தோறும். ஜமுனாமரத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து அனுப்ப வசதி உண்டா என்பதை முதலில் விசாரித்துவிட்டு, இல்லையெனில் அடிவாரத்தில் ஒரே பரிசோதனைச் சாலையைத் தேர்ந்து எப்போதும் அங்கேயே செய்துகொள்வது நலம்.

பத்தியம் என்று கடுமையாக ஒன்றும் இல்லை. சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தாராளமாக உண்ணலாம். உப்பும் ஊறுகாயும் கருவாடும் குறைய வேண்டும். கீரையை அறவே விலக்கச் சொல்வது தவறு. கீரையிலுள்ள கே வைட்டமின் மாத்திரையின் வேலையைத் தணிக்கும் என்பது மெய்யே. ஆனால் மழைக்காலத்தில் மலிந்தபோது நாள்தோறும் முருங்கைக்கீரை தின்றுவிட்டு, கோடையில் அடியோடு நிறுத்துவதால்தான் எண் ஏறி இறங்கும். வாரத்திற்கு இவ்வளவு என்று ஒரே சீராக உண்டால், அதற்கேற்ப மாத்திரையின் அளவை டாக்டர் அமைத்துக்கொடுப்பார். சாராயம் எண்ணைக் கண்டபடி ஆட்டிவைக்கும். காட்டு மூலிகைகளையும் கஷாயங்களையும் நான் இகழ்ந்து பேசவில்லை. மலையின் வைத்திய ஞானத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் எது என்ன செய்யும் என்பது முன்கூட்டி அறியக்கூடியதாக இல்லாததால், இதை உண்பவர்கள் அவற்றை விட்டுவிடத்தான் வேண்டும். கடை மாத்திரைகளிலும் ஜாக்கிரதை தேவை: வலிக்குப் பாராசிட்டமால் ஒன்றே ஆகும், வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல் ரத்தத்தை மிக நீர்க்கச் செய்யும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினோ இந்த மாத்திரையின் பலனையே குறைத்துவிடும்.

"ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று கேட்கும் பழக்கத்தையும் இம்மாத்திரை உண்பவர்கள் கைவிட வேண்டும். இடுப்பிலும் புஜத்திலும் குத்தும் வலி ஊசி தசையினுள் ரத்தக் கட்டை உண்டாக்கும். அந்த ஊசியின் மருந்தே குடலில் ரத்தம் கசியவும் செய்யும். மூட்டுக் காய்ச்சல் திரும்பாமல் இருப்பதற்காக மூன்று வாரத்திற்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசி மட்டும் வேறு விஷயம். வால்வு மாற்றியதோடு அதன் தேவை தீர்ந்துவிட்டதாக நினைத்துத் தாமாக நிறுத்தலாகாது, தொடர்ந்து ஊசியா, அல்லது மாத்திரையாக மாற்றலாமா என்பதை இருதய டாக்டர் சொல்வார்.

நூறரை டிகிரிக்கு மேல் காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தாலும், தையலில் சீழ் கண்டாலும், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினாலும் தாமதமின்றிக் கீழே இறங்குங்கள். வாய் கோணல், பேச்சுக் குழறல், திடீரென்று ஒரு கையோ காலோ விழுதல், கருநிற மலம், தலையில் அடி, திடீர் மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கு 108 வண்டி. வண்டி வர முடியாத ஊராயின் எந்த இடம்வரை வரும், அதுவரை யார் தூக்கி வருவார்கள் என்பதை ஊராரோடு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் பல் பிடுங்க நேர்ந்தால், ஒரு மணி நேரத்திற்கு முன் டாக்டர் சொல்லும் ஆன்டிபயாடிக் மருந்தை உண்டாக வேண்டும் என்பதையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

பிள்ளை பெற விரும்பும் பெண்ணும் அவள் கணவரும் கருவுறுமுன்பே இருதய டாக்டரைக் காண வேண்டும். வார்ஃபரின் முதல் மூன்று மாதத்துச் சிசுவுக்கு ஊறு செய்யக்கூடும். அதற்காகத் தாமாகவே மாத்திரையை நிறுத்தினால் தாயின் உயிருக்கே ஆபத்து. மாற்று ஊசி மருந்தோடு, பெரிய வைத்தியசாலையின் கண்காணிப்பில் பிரசவம் வரை செல்ல வழி உண்டு. ஆனால் நாள் தள்ளிப்போன பின் தேடத் தொடங்கினால் அந்த வழி பெரும்பாலும் தவறிவிடும்.

வால்வு நோயாளி உள்ள வீட்டில் மற்றக் குழந்தைகளின் தொண்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே அறையில் நெருங்கிப் படுக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கிருமி எளிதில் தொற்றும். காய்ச்சலோடு தொண்டை வலித்து விழுங்க முடியாத பிள்ளையை, இருமலும் சளியும் இல்லாதபோது முக்கியமாக, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அன்றே அழைத்துச் சென்று, டாக்டர் பெனிசிலின் எழுதிக்கொடுத்தால் வலி நின்ற பின்னும் பத்து நாள் மருந்தையும் முழுவதுமாகக் கொடுத்து முடியுங்கள். மூட்டு வீங்கிய பிள்ளையாயின், வீக்கம் வடிந்துவிட்டாலும் ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.